நைல் கப்பலுக்காகச் செம்மேட்டில் காத்திருந்த மதியம்

“…மத்ததெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாமுங்க. உசுரோட இருக்காரா, இல்லீங்களா? அது ஒண்ணத்த மட்டும் சொல்லுங்க” என்றார் பாப்பாத்தி.

அதுவரை நான் அவருக்குக் கப்பலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நாலு மாடிக் கப்பல், ஒவ்வொரு ரூமிலும் லைஃப் ஜாக்கெட் உண்டு, போவது ஆற்றில்தான், இரண்டு பக்கமும் கரை தெரியும் என்றெல்லாம். டிராவல்ஸில் பேசியே பிழைத்த வாய் இது.

அவருடைய வீட்டுக்காரர் பொன்னுசாமி அப்போது எகிப்தில், நைல் நதியில், நான் அனுப்பி வைத்த டூரில் இருந்தார். அந்தக் கப்பலில் தீப்பிடித்துவிட்டதாக டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் விசா ஃபைல் செய்வது எப்படி, குரூப் டிக்கெட் போடுவது எப்படி என்று கேட்கிறார்கள். அதெல்லாம் தானாக வந்துவிடும். நானே லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தவன்தான். யாரும் கேட்காத ஒன்றை எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

1. போனவர்கள்

மலை மேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கிளை ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு பெஞ்சு. காசி, ராமேஸ்வரம் என்று கோயில் டூர்தான் அதிகம் போகும். சேலம் மெயின் ஆபீசிலிருந்து ஒருமுறை நைல் நதி போஸ்டர் ஒன்றை அனுப்பினார்கள். கப்பலில் தங்கிக்கொண்டே, வழியில் கரையோரம் இருக்கிற பழங்காலக் கோயில்களில் இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டு வரும் டூர். இந்த மலையில் யார் இதற்கு வருவார்கள் என்று நினைத்தபடியேதான் ஒட்டினேன்.

பொன்னுசாமி வந்தார். மலைக்குள்ளே பைல் நாட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். போஸ்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது என்ன சாமிங்க, பருந்து மூஞ்சியோட?”

“அவங்க ஊர் சாமிங்க. இப்ப யாரும் கும்பிடறதில்ல. கட்டி ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“கும்பிட ஆளில்லாத சாமியா? அப்படின்னா நாம போய் ஒருக்கா கும்பிட்டுட்டு வந்துரலாமுங்க. பாவம், எத்தனை காலமாக் காத்துட்டு நிக்குதோ!”

இப்படிப் பேசுகிறவர்களுக்காகவே நான் இந்தப் பெஞ்சை வாசலில் போட்டு வைத்திருக்கிறேன். அவர் வாய்ச்சொல்லிலேயே மலையிலிருந்து அவரோடு எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து, சொந்தக் காட்டில் விவசாயம் பார்க்கும் வயதான தம்பதி ஒன்றும் சேர்ந்தது. மொத்தம் பத்துப் பேர். கூடப் போனவர் டூர் மேனேஜர் ரவி, சேலத்துக்காரர். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தோம். தொப்பியின் உட்புறம் என் செல் நம்பரை அச்சடித்திருந்தோம். கூட்டத்தில் ஆள் தொலைந்தால் உதவும் என்று எங்கள் தொழிலில் செய்கிற ஏற்பாடு அது.

தீப்பிடித்த அன்று காலையில்கூட ரவி வாட்ஸப்பில் போட்டோ போட்டிருந்தார். பருந்துச் சாமி கோயிலுக்குக் குதிரை வண்டியில் போகிறார்கள். பொன்னுசாமி வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்திருந்தார்.

2. டி.வி.

பக்கத்து டீக்கடை டி.வி.யில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். “ஏனுங்க, உங்க ஆளுங்க போனது இந்த ஆறுதானே?”

ஆற்றின் நடுவில் வெள்ளைக் கப்பல். பின்பக்கத்திலிருந்து கறுப்பாகப் புகை. கரையில் யாரோ செல்போனில் எடுத்த சின்னத் துண்டுப் படம். அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். கப்பலின் பெயர் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இருந்த கப்பல்தான்.

ரவிக்கு அடித்தேன். ரிங்கே போகவில்லை. அங்கே எங்களுக்கு ஏற்பாடு செய்து தரும் ஏஜெண்டுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பத்துப் பேர் நம்பருக்கும் ஒவ்வொன்றாக அடித்தேன். பத்தும் செத்துக் கிடந்தன.

மலையில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. பெண்கள்தான் அதிகம். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள், கையில் மண்ணோடு. யாரும் உள்ளே வரவில்லை. டீக்கடை டி.வி.க்கு முன்னால் நின்று, அந்தத் துண்டுப் படத்துக்குள் தங்கள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடிவாரத்துத் தம்பதியின் மகள் சுமதி, கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, சாய்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“எங்கப்பா, அம்மா எங்கீங்க? இந்த மலைக்காரங்களோட சேர்த்து அனுப்பாதீங்கன்னு அப்பவே சொன்னேன். இவங்களுக்கு ஒரு ரூல் தெரியுமா, ஒரு ஒழுங்கு தெரியுமா? அங்க போய் அடுப்பு கிடுப்பு பத்த வெச்சாங்களோ என்னமோ!”

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். பாப்பாத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உடுங்க. அந்தப் புள்ளை பயத்துல பேசுது.”

“ஒண்ணும் ஆகாதுங்க, எல்லாரும் பத்திரமாத்தான் இருப்பாங்க” என்றேன் நான், பொதுவாக.

பாப்பாத்தி என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. நான் கப்பலின் பெருமையை அளக்கத் தொடங்கியதும், தொடக்கத்தில் நான் எழுதிய அந்தக் கேள்வியை அவர் கேட்டதும் அப்போதுதான்.

“தெரியலீங்க அம்மணி” என்றேன், கடைசியில்.

“அப்படிச் சொல்லுங்க. தெரிஞ்சதும் சொல்லுங்க. நடுவுல வேற ஒண்ணும் பேசாதீங்க.”

3. மஞ்சள் தொப்பி

எங்கள் ஆபீசுக்குள் சிக்னல் சரியாக எடுக்காது. பனி இறங்கிவிட்டால் வாசலிலும் சந்தேகம். ரோட்டோரக் கம்பத்தடியில் நின்றால்தான் நிம்மதியாகப் பேசலாம். அங்கேயே நின்றேன். நகர்ந்தால் வரவேண்டிய போன் வராமல் போய்விடுமோ என்று ஒரு பயம். யாராவது வேறு வேலையாக அடித்தால் எரிந்து விழுந்தேன். கம்பத்தடியிலிருந்து பார்த்தால் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

டீக்கடையிலிருந்து சுமதி அலறியது கேட்டது.

டி.வி.யில் புதுப் படம். கரைக்குக் கிட்டத்தில், தண்ணீரில், மரத்துண்டுகளோடு மஞ்சளாக ஒன்று மிதந்து போகிறது. தொப்பி. எங்கள் தொப்பி. கேமரா அதையே தொடர்ந்து போனது.

ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தொப்பிதான் கண்ணு அது” என்றார் பாப்பாத்தி. “ஆளு இல்ல. தொப்பி காத்துல பறக்கும். ஆளு பறக்க மாட்டான்.”

அந்த நேரத்தில் சேலம் மெயின் ஆபீசிலிருந்து போன் வந்தது. ரவி உயிரோடு இருக்கிறார். தண்ணீரில் குதித்து, மீன்பிடிப் படகில் ஏறி, கரைக்கு வந்து, யாருடைய போனிலோ பேசுகிறாராம். லைனை என்னோடு இணைத்தார்கள்.

“அண்ணே…” என்றார் ரவி. மூச்சு வாங்கியது. “கரைக்கு வந்தவங்களை எல்லாம் பாத்துட்டேண்ணே. நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லண்ணே. ஒருத்தரும்.”

“ஒழுங்காப் பாத்தியா?”

“பாத்துட்டேண்ணே. கோயில்ல இருந்து கப்பல் ஏறுனப்ப நானே எண்ணினேன். பொன்னுசாமி மட்டும் கண்ணுல படலை. ‘பின்னாடியே வர்றாருங்க’ன்னு சொன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். எல்லாரும் ரூமுக்குப் போனாங்க. அப்புறம் தீ… தீப்பிடிச்ச பக்கம்தாண்ணே நம்ம ரூமுங்க…”

லைன் கட்டானது.

வாசலில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது அடி தூரத்தை நடந்து முடிப்பதற்குள் எனக்கு வந்த யோசனைகளை எழுத முடியாது. பொய் சொல்லிவிடலாம் என்பதும் அதில் ஒன்று.

“ரவி பேசினாருங்க” என்றேன். “அவரு கரைக்கு வந்துட்டாரு. நம்ம ஆளுங்களை அவரு இன்னும் பாக்கலை. தேடறாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. பாப்பாத்தி மட்டும் தலையை ஆட்டினார், கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல. பிறகு பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

4. புகார்

வெயில் இறங்கிய பிறகு, வெளிநாட்டு நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஏஜெண்டாக இருக்கும், பிணங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

“ஏனுங்க சார், என்னங்க இப்படிப் பண்ணிப்புட்டீங்க?” என்றது குரல். நல்ல கோபம். “எங்களை உட்டுட்டுக் கப்பல் போயிருச்சுங்க! பொட்டி, பாஸ்போர்ட்டு, போனு எல்லாம் அதுலதான் இருக்குது. காலையில இருந்து ஆத்தோரத்துலயே நிக்கறமுங்க, திரும்பி வரும்னு. சோறு தண்ணி கிடையாது. இதுதான் உங்க சர்வீஸுங்களா?”

பொன்னுசாமி.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

நடந்தது இதுதான். டூர் பேப்பரில் ‘மானுமெண்ட்’, பழைய சின்னம் என்று போட்டிருந்ததை அவர்கள் கோயில் என்றே எடுத்துக்கொண்டார்கள். சாமி இருக்கிற இடத்துக்குப் போன் எதற்கு என்று எட்டுப் பேரும் போனைக் கப்பலிலேயே வைத்துவிட்டார்கள். செருப்பைக் கோபுர வாசலில் கழற்றிப் போட்டார்கள். உள்ளே மூலஸ்தானத்தைச் சுற்றி ஒரு நடை இருக்கிறது. பொன்னுசாமி அதைப் பிரகாரம் என்று கண்டுகொண்டு, மூன்று சுற்றுச் சுற்றி, மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டார். வெளியே வந்தால் அவர் செருப்பைக் காணோம். குப்பை என்று யாரோ ஒதுக்கிவிட்டார்கள். காவலாளியிடம் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டுத் தேடியதில் நேரமாகிவிட்டது.

கப்பலில் மற்ற ஏழு பேரும் அவர் இன்னும் வரவில்லை என்று பார்த்ததும், ஒருத்தரிடமும் சொல்லாமல் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். ஒரு ஆளை அனுப்பித் தேடுவது அவர்களுக்குத் தெரியாத வழக்கம். சந்தைக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, ஒரு வண்டியில் போனவர்கள் ஒரு வண்டியில்தான் திரும்புவார்கள். ஒருத்தர் குறைந்தால் வண்டி கிளம்பாது. கப்பலும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்துவிட்டார்கள். கப்பல் நிற்கவில்லை. கடைசியில் குதிரை வண்டிக்காரன் போனில், தொப்பியில் இருந்த நம்பரைக் காட்டி என்னைப் பிடித்திருக்கிறார்கள். தீயைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

“எட்டுப் பேரும் இருக்கீங்களா?”

“எட்டும் இருக்கறமுங்க. அந்தக் கீழ்நாட்டு, அடிவாரத்து அய்யனும் அம்மாவும் மட்டும் கப்பல்லயே இருக்காங்க. கால் வலின்னு காலையில கோயிலுக்கே வரலை, ரூம்ல படுத்திருந்தாங்க. ஏனுங்க?”

போனைப் பாப்பாத்தியிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பொன்னுசாமி இன்னும் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டுவிட்டு, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். போன் கை மாறி மாறிப் போனது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ ஊற்றினார்.

சுமதியின் கைக்கு மட்டும் அந்தப் போன் போகவில்லை. போயிருந்தாலும் பயனில்லை.

வாசிக்கிறவர்கள் மனம் அடித்துக்கொள்ளக் கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மறுநாள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிடைத்தார்கள். அம்மாவுக்குக் கையில் தீக்காயம், அப்பாவுக்குப் புகை குடித்து மூச்சுத் திணறல். பிழைத்து வந்தார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் அந்தக் கப்பலில் அப்படி அமையவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் யாருக்கும் இது தெரியாது.

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். ஆளை அனுப்பி வைக்கிறவன், வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் டூர் நடத்துகிறான். அவர்களிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கிடையாது. தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், பிறகு கூடவே இருக்க வேண்டும். முதல் இரண்டை நான் அன்று கஷ்டப்பட்டுச் செய்துவிட்டேன். மூன்றாவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சுமதி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏதோ தேடுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பைல் நாட்டுக்குப் போகும் கடைசி பஸ் வந்தது. பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். பாப்பாத்தியும் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பஸ் கிளம்பி, வளைவு வரைக்கும் போய், நின்றது. கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டார். பாப்பாத்தி இறங்கி, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பனிக்குள் நடந்து திரும்பி வந்தார்.

“உங்கம்மா பேரு என்ன கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே, சுமதியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.