கையுறைத் துறைக்கு நான் வாசித்த வரி

மலேசியாவின் அலோர் ஸ்டாரில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் எனக்கு வேலை. சந்தை எந்தப் பக்கம் போகிறது, எந்தத் துறை ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்த்து, வெள்ளிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். வங்கி, செம்பனை எண்ணெய், கட்டுமானம், கையுறை என்று துறை துறையாகப் போகும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வரி இருக்கும்: வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்றுவிடலாம். எழுதுவது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் கேட்ட ஒரே ஆள் என் அக்கா.

அக்கா சுங்கை பட்டாணியில் ஒரு மருத்துவக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கையுறையில் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். தொழிலாளர் லயத்து வீட்டில் தேநீர் கலக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "படி தம்பி, இந்த வாரம் என்னா எழுதியிருக்க?" என்பாள். வங்கித் துறை வந்தால் கொட்டாவி விடுவாள். கையுறை வந்ததும் நிமிர்ந்து உட்காருவாள். முடிந்ததும் தாள்களை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து வராது. தம்பி எழுதியது, அதற்காக வைத்திருந்தாள்.

சந்தைச் சுழற்சியை அவளுக்கு விளக்கியதும் நான்தான். வரைபடமெல்லாம் அவளிடம் எடுபடாது என்று பால்மரத்தைக் காட்டினேன். "வருசத்துக்கு ஒரு தடவ மரம் எல கொட்டுதுல்ல, அப்ப பால் கொறையும். அப்புறம் தளிர் வந்து திரும்ப ஊறும். ஷேரும் அப்படித்தாங்க்கா." சிறு வயதில் அம்மாவுடன் பால் வெட்டப் போனவள், உடனே பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி ஏகப் பெருமை. இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொரோனாத் தொற்று வந்தது. உலகத்துக்கே கையுறை தேவைப்பட்டது. அக்காவுக்கு வாரம் முழுக்க ஓ.டி., கூடுதல் நேர வேலை. அதே சமயம் தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பட்டணத்தில் ஒரு தரை வீடு வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. முன்பணத்துக்கென்று இருபது வருடமாகச் சேர்த்ததை அப்படியே எடுத்து, தான் வேலை செய்யும் கம்பெனியின் பங்கிலேயே போட்டாள். நானும் தடுக்கவில்லை. அப்போது என் குறிப்பிலும் 'வாங்கலாம்' என்றுதான் இருந்தது. விலை பல மடங்கு ஏறியது. "நான் காத்தடிச்சுப் பாக்குற கையுறை லா இது! என் வீட்ட அதுவே கட்டிக் குடுக்குது பாரு," என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கையுறைத் துறையின் கீழ் 'விற்றுவிடலாம்' என்று எழுதினேன். தொழிற்சாலைகளில் ஓ.டி. குறையவில்லை, லாபமும் இன்னும் ஏறத்தான் போகிறது. ஆனால் பங்கு தொழிற்சாலையைப் பார்த்து நடப்பதில்லை, அதற்கு ஆறு மாதம் முன்னால் போய் நிற்கும். தடுப்பூசிப் பேச்சு தொடங்கிவிட்டது. நாளுக்கு நாள் அதிகம் பேர் வாங்கியும் விலை மேலே நகரவில்லை. பணம் மெல்ல வங்கிப் பங்குகளுக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணி வாசம். முதல் நாள்தான் வீட்டுக்கு முன்பதிவு செய்திருக்கிறாள். அந்த ரசீது சாமிப் படத்துக்கு முன்னால் வெற்றிலை, வாழைப்பழம், தேங்காயோடு தட்டில் இருந்தது. பங்கை விற்று முன்பணம் கட்ட மூன்று மாத அவகாசம். கேசரி கிண்டி வைத்திருந்தாள். "மொதல்ல திருநீறு பூசிக்கோ, அப்புறம் படி," என்றாள்.

நல்ல காரியம் நடக்கிற வீட்டில், விளக்கு எரியும்போது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. எண்ணெய் தீர்ந்தால்கூட 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைந்திருக்கிறது' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். சாமி முன்னால் இருக்கிற ரசீதைப் பார்த்துக்கொண்டு 'விழப் போகிறது' என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. "கையுறை, வைத்திருக்கலாம்," என்று வாசித்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் தாள்களை வாங்கி டின்னில் போட்டாள்.

அடுத்த வாரம் விலை விழுந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எல கொட்டுது தம்பி, எனக்குத் தெரியாதா? தளிர் வரட்டும், அப்ப வித்துக்கிறேன்," என்று எனக்குத் தைரியம் சொன்னாள். இப்போது விற்கச் சொன்னால், போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அதற்கடுத்த வாரமும் இருந்தேன். கோழைத்தனம், வேறொன்றும் இல்லை. என் குறிப்பைப் படித்து விற்றுவிட்ட வாடிக்கையாளர் ஒருவர் தீபாவளிக்குப் பெரிய பழக்கூடை அனுப்பினார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் அலுவலகத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. முன்பதிவு ரத்தாகி வீடு வேறு யாருக்கோ போயிற்று. அக்கா, பள்ளிக்கூடம் போகிற மகளோடு, மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடிக்கு வாடகைக்குப் போனாள். முட்டி வலியோடு படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ என்னா பண்ணுவ, மார்க்கெட்டு லா," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பங்கை அவள் விற்கவே இல்லை. தளிருக்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பும் நிற்கவில்லை.

போன வருடம் அவள் மகள் கணக்கியல் படிக்கச் சேர்ந்தாள். படிப்புக்கு உதவும் என்று அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து என் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். நான் போன அன்று அந்தத் தாள் மேசை மேல் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை, ரசீதைச் சாமி முன்னால் வைத்த அன்று சாப்பிட்ட கேசரி.

"மாமா, இதுல விக்கச் சொல்லித்தான எழுதியிருக்கீங்க? அம்மா, நீங்க வச்சிருக்கச் சொன்னதா சொல்றாங்க."

அவள் ஒன்றும் குற்றம் சாட்டவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, தேங்காய், ரசீது எல்லாம். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அக்கா அழவில்லை. அந்தத் தாளைக் கையில் எடுத்து, படிக்கத் தெரியாத அந்த வரியைப் பார்த்தாள்.

"வேற எதையாச்சும் மாத்திப் படிச்சியா தம்பி?"

"இல்லக்கா. அது ஒன்னுதான்."

"சரி" என்றாள். நான் சொன்னது சத்தியம். ஆனால் அவள் நம்பவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தேநீர் வருகிறது, முட்டி வலி பற்றிப் பேசுகிறோம். பிறகு நான் கொண்டுபோன தாள்களை அக்கா என் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுக்கிறாள். "நீ படிம்மா" என்கிறாள். நான் எழுதியதை எதிரே உட்கார்ந்து நானும் கேட்கிறேன்.