முக்கூடல் சுவரில் கார்நெல்

முதல் வெட்டு பத்திரிகைக் கட்டின்மேல் விழுந்தது. சணல் அறுந்து, மை மணம் மாறாத இதழ்கள் வாசலெங்கும் சிதறின. இரண்டாவது வெட்டு வன்னியராஜின் வலது கையில் இறங்கியது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த பிரேமலதாவின் முகத்தில் கணவனின் இரத்தம் சூடாகத் தெறித்தது.

சேரன்மகாதேவியில் இருவரும் சேர்ந்து நடத்திய சிறு பத்திரிகை 'கார்நெல்'. பூச்சிமருந்து, வாய்க்கால் தண்ணீர் பற்றியெல்லாம் அவன் எழுதுவான். தொடர்கதை அவளுடையது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் மாதாமாதம் பிறந்த பிள்ளை அதுதான். ஆனால் சந்தாதாரர்கள் பெருகவில்லை. அறுவடைக்குள் ஆள் சேர்க்காவிட்டால் இனி அச்சடித்துத் தர முடியாதென்று அச்சகக்காரர் சிவசண்முகம் கைவிரித்துவிட்டார்.

நல்ல சரக்கு தானே விலைபோகும் என்றான் வன்னியராஜ். கடையை விரித்தால் கூவத்தான் வேண்டும் என்றாள் பிரேமலதா. சொன்னதோடு நில்லாமல் காதில் கிடந்த கம்மலையும் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பணத்தில் சந்தா கட்டச் சொல்லி மஞ்சள் சுவரொட்டி அடித்தார்கள். ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் ஒட்டுவதற்குச் சாத்தான்குளத்து ஐயம்பெருமாளைக் கூலிக்கு அமர்த்தினார்கள்.

பழைய சினிமா போஸ்டர்மேல் புதுசை ஒட்டியே பழகிய கை அவருடையது. முக்கூடல் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி இருந்தது. கோவில்கொடைத் திருவிழாத் தகராறில் குத்துப்பட்டுச் செத்த இளைஞனின் படம். பதினாறாம் நாள் விசேஷம் கழியும்வரை அப்படிப்பட்ட படத்தின்மேல் கட்சிக்காரன்கூடக் கைவைக்க மாட்டான். இறந்தவன் யார், எப்போது இறந்தான் என்றெல்லாம் வெளியூர்க்காரரான ஐயம்பெருமாள் விசாரிக்கவில்லை. பசையைத் தடவி, அந்தக் கண்களின்மேல் மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

இறந்தவனின் அண்ணன் முத்துமாலைதான் இப்போது அரிவாளோடு நின்றான்.

"ஏலே, பொழுது விடிஞ்சதும் எங்கம்மை அந்தச் சுவத்துக்கு முன்னாலதான்லே போயி நிக்கா. இன்னைக்கு அங்கன ஒம் பத்திரிகைல்லா இருக்கு."

அரிவாள் மூன்றாம் முறை உயர்ந்தது. பிரேமலதா கணவன்மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள்.

"என்னை வெட்டுங்க அண்ணாச்சி. போஸ்டர் அடிக்கச் சொன்னவ நான்தான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

முத்துமாலை அவள் தலைக்கருகே தரையை ஓங்கி வெட்டிவிட்டு, அரிவாளை அங்கேயே விட்டுப் போனான். மறுநாள் போலீஸ் அவனைப் பிடித்தது.

வன்னியராஜுக்கு இரண்டு விரல்கள் போயின. செய்தி நாளிதழில் வந்ததும் மணியார்டர்கள் குவிந்தன. வெட்டு வாங்கின பத்திரிகை எப்படியிருக்கும் என்று பார்க்க ஊரெல்லாம் ஆசைப்பட்டது. சிவசண்முகமே ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"ஏட்டி, விளம்பரம் பலிச்சிட்டு பாத்தியா" என்று வலியிலும் சிரித்தான் வன்னியராஜ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம ரத்தத்துக்குச் சந்தா கட்டுதாவ. மவனைக் கொடுத்துட்டு நிக்காளே ஒரு தாயி, அவளுக்கு யாரு என்ன கட்டுவா?"

கடைசிப் பக்கத்தில் எப்போதும் சந்தா விளம்பரம்தான் வரும். அடுத்த இதழில் அதை எடுத்துவிட்டு, ஸ்டூடியோவில் அந்த இளைஞனின் படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கம் முழுக்கப் போட்டாள். முதல் பிரதி அவன் தாய் சுடலைவடிவுக்குப் போனது. பதில் வரவில்லை.

சில வாரம் கழித்து பிரேமலதா போன பஸ் முக்கூடலில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். சுவரில் மஞ்சள் தாளை நகத்தால் சுரண்டியெடுத்த தடம். அதன்மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது அந்தக் கடைசிப் பக்கம். படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் 'கார்நெல்' என்றிருந்தது.

சுடலைவடிவு முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே கை கீழே இறங்கி, அந்தச் சின்ன எழுத்தின் தூசியையும் பையத் துடைத்தது.