முத்துச்சாமி மாமாவும் மிளகாவின் பட்டமும்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் பக்கம் தப்பு இருந்தாலும் மறைக்காமல்.

முத்துச்சாமி மாமா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

இது அம்மாவின் ஃபேஸ்புக் அக்கவுன்ட். நான் அவர் மகள், பிளஸ் ஒன். மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, திண்டுக்கல்லில் எதிர் வீடு. மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு எடை போடுவது அவர் வேலை. மிளகா அவருடைய கோம்பை நாய். மிளகாய் மூட்டைகளுக்குக் காவல் இருந்ததால் அந்தப் பெயர்.

வேலை செய்யும் நாய்களுக்குப் பட்டம் தரும் குழு ஒன்று உண்டு. நாய் முதுகில் இரண்டு பக்கமும் பை கட்டி, அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமையோடு பதினாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்படி நான்கு நடை. மாமா அதை போனில் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"நாய்க்குப் பட்டமாம்ல! எம்.ஏ.வா, பி.எட்டா மாப்ளே?" என்று அப்பா சிரித்தார்.

"சிரிங்க மச்சான், சிரிங்க. நான் எட்டாவதோட நின்னுட்டேன். எங்கூட்டுல மொதல் பட்டதாரி மிளகாதானுங்க."

எல்லாரிடமும் அவருக்கு 'ங்க'தான். என்னிடமும், நாயிடமும்கூட. "ஏனுங்க மிளகா, செத்த நில்லுங்க" என்பார்.

கூட நடந்து, நேரம், தூரம், சுமை எல்லாவற்றையும் தாளில் குறிக்க ஒரு சாட்சி வேண்டும். "பாப்பா எழுதட்டுமுங்க, கையெழுத்து முத்து மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது நோட்டு வாங்கினேன்.

ரெட்டியார்சத்திரம் வரை அப்பாவின் ஆட்டோவில் போய், அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடப்போம். அப்பா, மாமா, மிளகா, கடைசியில் நோட்டோடு நான்.

முதல் தடவை பைகளில் வெள்ளரிக்காயும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தோம். வெயில்... வழி நெடுக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே போனோம். முடிவில் பையை நிறுத்துப் பார்த்தால் நான்கு கிலோ ஒன்றரையாகிவிட்டது! முடியும்போதும் அதே எடை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நடை செல்லாமல் போனது.

மாமா வயிற்றைத் தட்டிக்கொண்டு, "மிச்ச எடை பூராம் இங்க இருக்குதுங்க. எடை போடுறதே பொழப்பு, எனக்கே இப்படி ஆயிப்போச்சுங்களே" என்றார். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அப்புறம் மணலைப் பொட்டலம் கட்டினோம். மூன்று நடை சரியாக முடிந்தது.

நான்காவது போன மாதம். பதினான்காவது கிலோமீட்டரில் மிளகா முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கால் மெத்தையில் ஆழமாக முள். மாமா பல்லால் கடித்து இழுத்து எடுத்தார். பிறகு பைகளை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மீதி இரண்டு கிலோமீட்டரும் அவர்தான் சுமந்தார்.

முடிந்ததும் நான் பேனாவை எடுத்தேன்.

"ரெண்டே ரெண்டு கிலோமீட்டருங்க பாப்பா... அதை எழுதித்தான் ஆகோணுங்களா?"

"எழுதணும் மாமா."

அவர் முகம் வாடிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "செரிங்க, எழுதுங்க" என்றார்.

நான்காவது நடையும் செல்லவில்லை.

பத்து நாள் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பதினோராவது நாள் கேட்டில் நின்றார். "மிளகாவுக்குக் கால் ஆறிப்போச்சுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை மறுக்கா போலாமுங்களா பாப்பா?"

அந்த ஞாயிறு நாளை மறுநாள்.

இன்று மதியம் குழுவின் பொறுப்பாளர் அக்கா போன் செய்தார். நல்லவர், அழுதார். "அந்த நாலாவது ஷீட்டை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதி அனுப்பும்மா. சர்டிபிகேட்டை அவர் படத்துக்குப் பக்கத்துல வைக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லைதான். மாற்றி எழுத எனக்கும் ஆசையாக இருந்தது. அதுவும் உண்மை.

மாமாவை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் மனைவி ஈஸ்வரி அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். மிளகா கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. போனில் கேட்டதை அத்தையிடம் சொன்னேன். மாத்தி எழுதட்டுமா என்று கேட்டேன்.

அத்தை குனிந்து மிளகாவைத் தடவினார். பிறகு, "நீ எழுதிப்புட்டேன்னு அன்னைக்கு அவரு சோறு திங்கல தாயி. தட்டுல கை வச்சபடியே உக்காந்திருந்தாரு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. விடிஞ்சதும் அந்தப் பைய அவருதான் தொவைச்சுக் காயப்போட்டாரு. மறுக்கா நடக்கணும்னுதான தொவைச்சாரு? மாத்தி எழுதுனா அவரு நடந்ததா ஆயிருமா?"

"அப்ப ஞாயித்துக்கெழமை நானும் அப்பாவும் மிளகாவைக் கூட்டிட்டுப் போறோம் அத்தை. யார் நடந்தாலும் பட்டம் நாய்க்குத்தான். நான் விதியைப் படிச்சேன்."

அத்தை தலையை ஆட்டினார். "வேணாம் தாயி. அவரு இல்லாத நடை எனக்கு எதுக்கு... மூணோட இருக்கட்டும்."

அக்காவுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். மூன்று நடை. மிளகாவுக்குப் பட்டம் இல்லை.

போய் வாங்க மாமா... நான் எழுதியது எழுதியதுதான். ஆனால் உங்கள் முகம் வாடியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது மணி எட்டேகால். எதிர் வீட்டுப் பந்தலில் டியூப் லைட்டுகளை அணைத்துவிட்டார்கள்.