ரசீதோடு போகக்கூடிய முகத்துவாரம்

இல்லை, டிக்கெட் போடவில்லை.

இத்தாலியில், பலேர்மோவின் லிபெர்த்தா தெருவில், ஒரே வயதான சின்யோராவை என்னோடு மாறி மாறிப் பராமரிக்கும் ஆவாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். செனகலில், ஆறு கடலில் சேரும் அவளுடைய சின்ன ஊரில். மத்தியானத்தில் படகுச் சத்தம்கூடக் கேட்காதாம். ஐந்து வருடமாக நான் பலேர்மோவைத் தாண்டியதில்லை. இந்தமுறை கட்டாயம் வருவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

இன்று சீசா பகுதியில் கடை வைத்து விமான டிக்கெட் போடும் அண்ணையிடம் போனேன்.

"எங்கை பிள்ளை போறாய்?"

"ஒரு முகத்துவாரத்துக்கு அண்ணை."

"கொழும்பு முகத்துவாரமோ? அங்கைதான் என்ரை மச்சாள் இருக்கிறா. அடுத்த கிழமையே போடலாம்."

"இல்லை அண்ணை, ஆபிரிக்காவிலை."

பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, கேட்டார். புதுப்பிக்கக் கொடுத்ததற்கான ரசீதுதான் என்னிடம் இருந்தது. பதினொரு மாதமாக அதே ரசீது.

"இதோடை இலங்கைக்குப் போய் வரலாம். வேறை நாட்டுக்குப் போனால் திரும்ப உள்ளை விடுவாங்களோ தெரியாது. நான் போட்டுத் தரமாட்டன்."

ஆக, இப்போதைக்கு எனக்கு வாய்த்த முகத்துவாரம் அவருடைய மச்சாள் வீட்டுப் பக்கம்தான். அங்கே யாருக்காவது அடுத்த மாதம் கல்யாணம் இருந்தால் சொல்லுங்கள்.

கடை வாசலில் நின்று, வரமுடியாது என்று ஆவாவுக்கு எழுதினேன். பிறகு வேலைக்குப் பஸ் ஏறினேன்.