தொட்டிக்காரரின் விரதம்

திருமயத்தில் என் மகன் வீட்டில் இருக்கும் கடல்தண்ணீர்க் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். விரலை நனைத்து உப்பு ருசி பார்த்த பிறகுதான் வேலையைத் தொடுவார். உள்ளே வளரும் உயிர்ப் பவளத்தில் படியும் பாசியைப் பச்சைப்பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

அன்றைக்குத் தொட்டியிலிருந்த கோமாளி மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மூச்சு வாங்கிக்கொண்டு பவளத்தடியில் கிடந்தது. அம்மை என்று நினைத்து, தொட்டிமேல் வேப்பிலை செருகியிருந்தேன்.

"அம்மை இல்லம்மா, பூச்சி" என்று வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார்.

"மருந்து விடுங்க சாமி."

"விட்டா பவளம் செத்துரும்."

"அப்ப வாளியில தனியா வச்சு விடுங்க."

"ஒத்த மீனுக்கு ஆஸ்பத்திரி கட்டச் சொல்றீங்களா?"

சிரித்துக்கொண்டே மீனை வலையில் அள்ளி, சன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பூனைக்குப் போட்டார். மீன் துள்ளியதை நான்தான் பார்த்தேன்.

கை கழுவிவிட்டுக் காப்பி கேட்டார். கொடுத்த டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"மீன் கழுவுன கையில போடலையேம்மா? மாலை போட்டிருக்கேன், கவிச்சி ஆகாது."

நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே பூனை இன்னும் தின்றுகொண்டிருந்தது.