அரிசி டப்பா அப்பா

படித்தது நான், வளர்த்தது என் மனைவி. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படித்தான் அமைந்தது.

பீர்க்கன்கரணையில் எங்கள் ஃபிளாட்டின் புத்தக அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் ரயிலில் உட்கார்ந்து அவற்றை அடிக்கோடிட்டுப் படிப்பேன். கண் வலித்தால் அதே விஷயத்தை வீடியோவாகப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "குழந்தைகிட்ட 'வேண்டாம்'ங்கிற வார்த்தையையே சொல்லக் கூடாதாம்" என்பேன். பள்ளியில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தவள், "சரி, போய்ச் சொல்லாம இருங்க" என்று பாலை அடுப்பில் வைப்பாள்.

எங்கள் ஆறு வயது மகள் அப்போது சோபா மூலையில் என் பழைய போனோடு இருப்பாள். கூப்பிட்டால் நான்காவது முறை "ம்" என்பாள்.

மாடி வீட்டு அக்கா ஒருவர் பெற்றோர்களுக்காகவே ஒரு யூடியூப் சேனல் நடத்திவந்தார். அவருடைய ஒரே பையன் எங்கோ ஹாஸ்டலில் படித்தான். அதனால் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, போனை விட வைக்கிறது எப்படின்னு ஒரு வீடியோ. நீங்களும் பாப்பாவும் நடிச்சா போதும்."

"அவங்க அம்மாவும் வரட்டுமே அக்கா?"

"அம்மா செஞ்சா யாருப்பா பாக்கப்போறா? அப்பா செஞ்சாத்தான் விஷயமே."

சமையலறையில் மிக்ஸி கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

போனை எங்கே ஒளித்துவைப்பது என்று தேடியபோது, வெளிச்சத்தில் நன்றாகப் பளபளத்தது எங்கள் எவர்சில்வர் அரிசி டப்பாதான். இப்படித்தான் அந்த முறை பிறந்தது. மாலை ஆறு மணிக்கு போன் அரிசிக்குள் தூங்கப் போகும். அப்பாவும் மகளும் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவார்கள். திரும்பி வந்து அம்மாவிடம் கணக்குச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

போன் அரிசிக்குள் போனதும் மகள் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். நான் காதருகே குனிந்து, "ஷூட்டிங் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பாக்கலாம்" என்றேன்.

"ஒன்றரை," என்றாள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

ஏரிக்கரையில் ஏழு முறை நடந்தோம். ஒவ்வொரு நடைக்கும் நடுவில் அவள் கையில் போன் இருந்தது. இல்லாவிட்டால் அடுத்த அடி எடுத்துவைக்க மாட்டாள். கடைசியில் நான் கேமராவைப் பார்த்து, "முதல் நாளே என் மகள் மாறிட்டா" என்றேன். அந்த வரியை யாரும் எழுதித் தரவில்லை. தானாக வந்தது.

வீடியோ எங்கெங்கோ போனது. என் சித்தப்பாவே, அதில் இருப்பது நான் என்று கவனிக்காமல், 'இதைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்று எனக்கு அனுப்பிவைத்தார். இப்படி ஓர் அப்பா கிடைக்க அந்தக் குழந்தை கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பலர் எழுதியிருந்தார்கள். தொழிற்சாலை கேன்டீனில் ஆட்கள் தட்டோடு என் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். நானும் கூச்சமில்லாமல் யோசனை சொன்னேன். ஒரு வாரத்தில் அந்த முறையை உண்மையிலேயே செய்துவந்தது போல எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. மனைவி மட்டும் கமெண்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துவிட்டு, "கொடுத்துவச்ச குழந்தைக்கு நகம் வெட்டணும், வர்றீங்களா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது ரயிலில் எதிர் சீட்டில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். மடியில் டிபன் கேரியர் பை.

"சார், நீங்க அந்த அரிசி டப்பா அப்பா தானே?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

அவர் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவர். வீடு பொழிச்சலூர். இரண்டு பிள்ளைகள்.

"எங்க ஏரியால பறவை எங்க சார் கீது? தலைக்கு மேல பிளேன்தான். அதான் மொட்டை மாடிக்கு இட்டுகினு போய் பிளேன் எண்ண வெச்சேன். இப்போ ரெண்டும் ஆறு மணி ஆனா தானே வந்து நிக்குதுங்க. வால் கலரை வெச்சே எந்த கம்பெனி பிளேன்னு சொல்லுதுங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா அதுக்கு பதினோரு நாள் ஆச்சு சார். உங்க பொண்ணு மொத நாளே மாறிடுச்சு. எங்கதுங்க தரையில பொரண்டு கத்துச்சுங்க. அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பேன். அந்தப் பாப்பா அழவே இல்லியே, நான்தான் எங்கியோ தப்பா வளத்துட்டேன்னு பாத்ரூம்ல போய் அழுவேன் சார்."

பெருங்களத்தூர் வந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன். இறங்கவில்லை. தாம்பரத்தில் கூட்டம் ஏறியது. குரோம்பேட்டையைத் தாண்டியபிறகுதான் சொன்னேன்.

"அது நடிப்புங்க. அவ அழுதா. போன் தர்றேன்னு சொல்லித்தான் சிரிக்க வச்சேன். ஒரு நாள்கூட நாங்க அதைச் செஞ்சதில்ல."

"அப்போ உங்க பொண்ணு இன்னும் போன் பாத்துகினுதான் கீதா?" என்றார்.

"ஆமா."

"சரியான பேஜார் சார் நீங்க. பதினோரு நாள் அழுதேன்."

"மன்னிச்சிடுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கோபம் குறையவில்லை. இருந்தும் கதவுப் பக்கம் போனவர் திரும்பி வந்தார். "மொதல்ல உன் போனை உள்ள போடு சார். அதுங்க பாக்குற போனை மட்டும் உள்ள வெச்சப்போ அதுங்க நம்பல. என் போனை அரிசில சொருவுன அன்னிக்குத்தான் அடங்குச்சுங்க. வீடியோலயே பாத்தேன், உங்க சட்டைப் பாக்கெட்ல போன் துருத்திகினு இருந்துச்சு."

பல்லாவரத்தில் அவர் இறங்கிப் போனார். நான் எதிர் ரயில் பிடித்துத் திரும்பினேன்.

அன்றைக்கே மாடிக்குப் போய் வீடியோவை எடுத்துவிடும்படி கேட்டேன். "இருக்கிறதுல அது ஒண்ணுதான் தம்பி ஓடுது," என்றார் அக்கா. "வேணும்னா 'நாங்க எப்படித் தோத்தோம்'னு இன்னொண்ணு போடலாம். இதைவிட நல்லா போகும்." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடியோவுக்கு அடியில் நானே ஒரு கமெண்ட் எழுதினேன்: 'இந்தக் குழந்தை உண்மையில் அழுதது.' அதற்கு யாரோ, 'பொறாமை' என்று பதில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு என் போனையும் பழைய போனையும் சேர்த்து அரிசிக்குள் புதைத்தேன். மகள் சமையலறைத் தரையில் படுத்து அழுதாள். ஆறேகாலுக்கு டப்பாவுக்குள்ளிருந்து மேனேஜர் கூப்பிட்டார். என் கை தானாக மூடிக்குப் போனது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ரிங் ஓய்ந்தது. நான் மூடியைத் திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை எனக்குக் கொடுத்தாள். அழுத பிள்ளைக்கு அல்ல.

பதினோரு நாளில் எங்களுக்கு நடக்கவில்லை. மூன்று வாரம் தாண்டிவிட்டது. நடுவில் ஐந்து நாள் தவறிப்போனது. அதில் மூன்று நாள் என்னால். நேற்று மகள் ஏரிக்கரைக்கு வர மறுத்துவிட்டாள். வீட்டிலேயே எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"போர் அடிக்குதுப்பா."

"எனக்கும்தான்."

அதில் என்ன சமாதானம் கண்டாளோ, வகுப்பில் நடந்த ஒரு ரப்பர் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். யார் ரப்பரை யார் கடித்தார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. கதை நாற்பது நிமிடம் ஓடியது. இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது முறை அவள் கவனித்துவிட்டு, என் முகத்தைத் தன் இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தொடர்ந்து சொன்னாள்.