பின்சீட்டுக் கைலி

மலையடிவார ஊரான தாப்பாவிலிருந்து மலையேறும் வாடகைக் காரின் ஓட்டுநர் அவர். தூக்கம் காணாத சிவந்த கண்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். மருத்துவக் கல்லூரி விடுமுறைக்கு நான் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் துவைத்துப் பிழிந்த கைலி கிடந்ததால் முன்னால் உட்காரச் சொன்னார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“தம்பி எதுக்கு டாக்டரு?”

“இன்னும் முடிவு பண்ணலண்ணே. இருதயமா, பிரசவமான்னு யோசிக்கிறேன்.”

“பிரசவமா?” ஒரு வளைவு கழிந்தது. “இன்னைக்கு விடியக்காலையில மேலருந்து ஒரு பொண்ண ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எறங்குனேன். பாதி வழியில, பின்சீட்டுலயே, அந்தக் கைலியிலயே பொறந்திருச்சு லா.”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?”

“தாயி இருக்கா.”

கியரை மாற்றிக்கொண்டே அவரே பேசினார்.

“நீங்க எத வேணும்னாலும் படிங்க தம்பி. படிச்சிட்டு எங்க இருப்பீங்க? மலைக்கு மேலயா, கீழயா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வளைவு வந்தது. ஹாரன் அடித்தார்.

மலைமேல், எங்கள் ஊரான ரிங்லெட்டில் என் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். பிறகு அந்தக் கைலியை உதறி, சூடாக இருந்த கார் முகப்பின்மேல் விரித்தார்.

“காயட்டும். அடுத்தவளுக்கு வேணும்.”